பங்காக்காரரின் காது

பொதுப்பணி இலாகாவின் அந்த ஜில்லா ஆபீசில் உருப்படியாக வேலை செய்தவர் அவர் ஒருவர்தான் என்று சொன்னால் மற்றவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். மற்றவர்கள் காகிதத்தை மேசைக்கு மேசை நகர்த்தினார்கள். அவர் காற்றை நகர்த்தினார். காலையில் எஞ்சினியர் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து மாலையில் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பும்வரை, அறைக்கு வெளியே வராந்தாவில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். சுவரில் ஒரு ஓட்டை. ஓட்டை வழியாக ஒரு கயிறு. கயிற்றின் அந்த முனையில், எஞ்சினியரின் தலைக்கு மேலே, உத்தரத்தில் தொங்கும் நீளமான துணி விசிறி. அதுதான் பங்கா. அதை இழுப்பவர் பங்காக்காரர்.

கையால் இழுப்பது கத்துக்குட்டிகளின் வேலை. ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும். இவர் கயிற்றைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொள்வார். முழங்காலை மடக்கினால் பங்கா இந்தப் பக்கம், நீட்டினால் அந்தப் பக்கம். கை சும்மா இருக்கும், கண் தெருவைப் பார்க்கும், கால்மட்டும் மாடு செக்கு சுற்றுவதுபோல் தன்பாட்டுக்கு வேலை செய்யும். எஞ்சினியருக்கு இன்னும் காற்று வேண்டுமென்றால் உள்ளிருந்து கயிற்றை இரண்டு தரம் சுண்டுவார். வாயால் சொல்லமாட்டார். சொல்லிப் பிரயோஜனமில்லை என்று நினைத்தார். ஏனென்றால் பங்காக்காரர் செவிடர்.

செவிடர் என்று ஆபீஸ் முடிவு செய்திருந்தது என்று சொல்வதுதான் சரி.

நடந்தது இதுதான். இவருக்கு முன்னால் பங்கா இழுத்த ஆசாமிக்குக் காது கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. எந்த வேலை எந்தக் காண்டிராக்டருக்குப் போகப்போகிறது என்பது எஞ்சினியர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கடைத்தெருவுக்குத் தெரிந்துவிடும். எஞ்சினியர் அவனை விரட்டிவிட்டு, இனிமேல் காது கேளாதவன்தான் வேண்டும் என்று உத்தரவு போட்டார். வேலையோ சர்க்கார் வேலை. ஆள் எடுத்த அன்று வராந்தாவில் ஒரு கூட்டமே செவிடாகியிருந்தது.

ஹெட்கிளார்க் வெளியே வந்து, சாதாரணக் குரலில், "உங்கள்ல யாருக்கெல்லாம் சுத்தமா காது கேக்காது?" என்று கேட்டார்.

அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள்.

"கை தூக்கினவங்க எல்லாரும் வீட்டைப் பாத்துப் போங்க" என்றார் ஹெட்கிளார்க்.

கை தூக்காமல் மிஞ்சியவர் இவர் ஒருவர். கல்குவாரி மூடிப் போய், வேலை தேடிப் பொழுது விடியுமுன்னே நடக்க ஆரம்பித்து, வெறும் வயிற்றோடு வந்து தூணில் சாய்ந்தவர், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிக்கொண்டிருந்தார். ஹெட்கிளார்க்குக்கு அப்படியும் சந்தேகம் தீரவில்லை. பியூனிடம் சாடை காட்ட, அவன் பின்னால் வந்து ஒரு தகர வாளியைத் தடாலென்று கல்தரையில் போட்டான். வராந்தாவில் கிடந்த நாய் எழுந்து ஓடியது. இவர் அசையவில்லை. குவாரியில் வெடி வைக்கிறவர்களுக்கு முதல் பாடமே அதுதான்: பின்னால் சத்தம் கேட்டால் திரும்பாதே. திரும்புகிறவன் கண்ணுக்குத்தான் கல் சில்லு வரும். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் வளர்ந்த உடம்பு. வாளிக்கெல்லாம் அது திரும்புமா?

வேலை கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள், பிறகு பயந்தாள்.

"ஏங்க, நீங்க செவிடுன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"நான் எங்கே சொன்னேன்? வாயே திறக்கலை. அவங்களே பேசி அவங்களே முடிவு பண்ணிட்டாங்க."

"அப்ப அது அவங்க பொய். நமக்கென்ன?" என்று சொல்லிவிட்டு அவள் உலை வைக்கப் போனாள்.

சொல்வது சுலபம். நல்ல காதை வைத்துக்கொண்டு செவிடாக இருந்து பாருங்கள், தெரியும். நடுத்தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக் கூடாது. பக்கத்தில் யாராவது நல்ல நகைச்சுவை சொன்னால் சிரிக்கக் கூடாது. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்பார். மனைவி அவரோடு கடைக்குப் போனால் கத்திக் கத்தித்தான் பேசவேண்டும். அவர்கள் வீட்டில் எண்ணெய் தீர்ந்த செய்தி எண்ணெய்க் கடைக்காரனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டால்தான் இருவரும் மனிதர்களைப் போலப் பேசிக்கொள்வார்கள்.

ஆபீசில் அவரை மரியாதையாக நடத்தியவர்கள் குறைவு. அதிலும் ஸ்டோர் காவலாளி இருக்கிறானே, மீசைக்காரன், அவன் ஒரு தனிப் பிறவி. சாமான் கிடங்கின் சாவி அவனிடம். சாயங்காலமானால் சாராயம். தினமும் காலையில் கிடங்குக்குப் போகிற வழியில் பங்காக்காரர் முன்னால் நின்று, ஒரு பெரிய சலாம் போட்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "என்னடா செவிட்டு முண்டம், இன்னும் சாகலையா நீ?" என்பான். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். பங்காக்காரரும் பதிலுக்குச் சலாம் போட்டுச் சிரிப்பார். வீட்டுக்கு வந்து, "இன்னைக்கும் சாகலையான்னு கேட்டான்" என்பார். "அவன் நாக்கு அழுக" என்பாள் மனைவி. அந்த ஆசீர்வாதமும் தினசரி நடந்தது.

அறைக்குள் நடந்த பேச்சு முழுவதும் சுவர் ஓட்டை வழியாகக் கயிற்றோடு சேர்ந்து வந்துவிடும். சுவருக்கும் காது உண்டு என்று ஊரெல்லாம் சொல்கிறது. சுவரோடு சாய்ந்திருந்தவருக்குக் காது உண்டா என்றுமட்டும் அந்த மேதாவிகள் யோசிக்கவில்லை. எஞ்சினியர் நம்மூர் ஆள்தான். வெள்ளைக்காரத் துரை வந்தால் உடம்பு வில்லாக வளையும்; துரை போனால் அவரே துரை. அவருக்கும் காண்டிராக்டருக்கும் இருந்த சிநேகம் நகமும் சதையும் போல. இலாகாவின் ரோடு ரோலர் காண்டிராக்டர் வீட்டு முற்றத்தைச் சமன் செய்யப் போனது. இலாகாவின் கூலியாட்கள் எஞ்சினியர் வீட்டுத் தோட்டத்துக்குப் பாத்தி கட்டினார்கள். ஆற்றங்கரை ரோடு வருஷா வருஷம் காகிதத்தில் ரிப்பேர் ஆகிக்கொண்டே இருந்தது. வண்டிமாடுகளுக்குத்தான் அந்த விஷயம் தெரியாது. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து என்பார்களே, அந்த வரிசைதான்.

மனிதனைக் கடித்தது தண்ணீர்த் தொட்டியில்.

ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்க மேட்டின்மேல் பெரிய தொட்டி ஒன்று கட்டினார்கள். அதன் சுவருக்காகச் சிமெண்டு பீப்பாய் பீப்பாயாக வந்து கிடங்கில் இறங்கியது. ஒருநாள் மத்தியானம் காண்டிராக்டர் அறைக்குள் வந்து, "பாதிப் பீப்பாய் நம்ம புது வீட்டுக்குப் போகட்டுமே. சுவர்தானே, மண்ணும் சுண்ணாம்பும் கலந்து மேலே பூசிட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். "காவலாளியைக் கதவைத் திறந்துவிடச் சொல்றேன்" என்றார் எஞ்சினியர். பங்கா போனது, வந்தது.

அன்று வீட்டில் இதைச் சொன்னார். "அவங்க திருடறது இன்னைக்கு நேத்தா?" என்றாள் மனைவி. அவருக்கும் அப்படித்தான் பட்டது. இன்னொரு திருட்டு என்று நினைத்தாரே தவிர, மேட்டின்மேல் நிற்கப்போகும் ஒரு சுவர் என்று நினைக்கவில்லை. அந்த மேட்டுக்குக் கீழே ஒரு தெரு இருக்கிறது என்றும் நினைக்கவில்லை.

இன்னொரு விஷயம் சொல்லவேண்டும். எஞ்சினியருக்குப் பக்கத்து ஜில்லாவில் ஒரு எஞ்சினியர் சிநேகிதர் உண்டு. அவர் வந்தால் இருவரும் துரைமார் பாஷையில்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பாஷையில் பங்காக்காரருக்கு ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் நாள் பூராவும் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குப் பொழுது எப்படிப் போகும்? கேட்ட வாக்கியத்தை அப்படியே பங்காவோடு சேர்த்து மனசுக்குள் ஆட்டிப் பார்ப்பார். பங்கா போகும்போது பாதி, வரும்போது மீதி. எஞ்சினியர் எங்கே இழுப்பார், எங்கே கனைப்பார், எங்கே மூக்கால் சிரிப்பார் என்பது உள்பட மனப்பாடமாகிவிடும். வீட்டில் முறத்தைத் தலையில் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு அதை ஒப்பிப்பார். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும்ங்க, போதும்" என்று கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். அர்த்தம் இருவருக்கும் தெரியாது. அதனால் சிரிப்புக்கு ஒரு குறைவும் வந்ததில்லை.

தொட்டியைத் திறந்து வைத்து, தண்ணீர் நிரப்பி, கொஞ்ச காலம் போனது. ஒரு பகல்வேளையில் சுவர் வாயைப் பிளந்துகொண்டது.

கீழ்த்தெருவில் வீடுகள் காகிதப் பெட்டி மாதிரி நகர்ந்தன. பெரும்பாலோர் வேலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினார்கள். தெருமுனைத் தையல்காரர்மட்டும் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியேறப் பார்த்து, வாசல் சுவர் சரிந்து அதனடியில் போய்விட்டார். ஆபீசிலிருந்து ஓடியவர்களில் பங்காக்காரரும் ஒருவர். சேற்றில் இடுப்பளவு நின்று கல்லைப் புரட்டினார். அந்தக் கல்லில் ஒட்டியிருந்த பூச்சைக் கையால் தேய்த்துப் பார்த்தார். ஈரமான மணல்போல உதிர்ந்தது. தையல்காரரின் மனைவி அழக்கூட இல்லாமல், சேற்றிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்த ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்குப் பித்தான் வைக்கணும், சாயங்காலம் வாங்க வருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பங்காக்காரர் அந்த இடத்தைவிட்டு நகர்ந்து போய் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாளே அறைக்குள் கூட்டம் கூடியது. எஞ்சினியர், காண்டிராக்டர், பக்கத்து ஜில்லாச் சிநேகிதர். தலைநகரத்திலிருந்து பெரிய துரை விசாரணைக்கு வருகிறார் என்று தந்தி வந்துவிட்டது.

"சிமெண்டு எங்கேன்னு கேப்பாங்களே" என்றார் காண்டிராக்டர்.

"கிடங்குச் சாவி யார்கிட்ட இருந்தது?" என்றார் எஞ்சினியர். "மீசைக்காரன்கிட்ட. அவன் குடிகாரன்னு ஊருக்கே தெரியும். அவன் வித்துக் குடிச்சுட்டான்னு சொன்னா நம்பாதவங்க யாரு?"

"கதவைத் திறக்கச் சொன்னது நீங்கதான்னு அவன் சொல்லுவானே."

"குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு."

அதற்குப் பிறகு சிநேகிதர் எதையோ துரைமார் பாஷையில் கேட்க, எஞ்சினியர் அதே பாஷையில் நீளமாகப் பதில் சொன்னார். நடுவில் மூக்கால் சிரித்தார். வெளியே காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். பங்கா போனது, பாதி. பங்கா வந்தது, மீதி.

அன்று மத்தியானமே காவலாளியைப் போலீஸ் கொண்டுபோனது. இளைத்தவன் தலையில்தானே மிளகாய் அரைப்பார்கள்? "ஐயா சொல்லித்தானே திறந்தேன்! ஐயா, நீங்க சொல்லித்தானே!" என்று அவன் எஞ்சினியர் அறையைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனான். அறைக்கதவு சாத்தியிருந்தது. அவன் மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆபீஸ் வாசலில் வருகிறவர் போகிறவர் காலிலெல்லாம் விழுந்தாள். சீக்கிரமே கிடங்கை ஒட்டிய அவர்கள் அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒருவன் இறந்ததால் இது வெறும் திருட்டாகப் போகாது, ஆயுசுக்கும் உள்ளேதான் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் அன்று உலை கொதித்தும் யாரும் இறக்கவில்லை.

"பேசினா வேலை போயிடும்" என்றார் பங்காக்காரர்.

"போயிடும்" என்றாள் மனைவி.

"பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தான்னு என்னையும் உள்ளே தள்ளினாலும் தள்ளுவாங்க."

"தள்ளுவாங்க."

"அவன் வேற, நல்லவனா இருந்தாலும் பரவாயில்லை. தினம் என்னைச் சாகலையான்னு கேக்கறவன்."

மனைவி அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள். "அவன் பொண்டாட்டி என் காலிலேயும் விழுந்தா" என்றாள். "செவிடன் பொண்டாட்டியால என்ன ஆகும்னு யோசிக்கக்கூட இல்லை அவ. நான் அவளைத் தூக்கி நிறுத்தினேன். நிறுத்தும்போது, எங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டேன். அது இன்னும் தொண்டையிலேயே நிக்குது."

வேறு பேச்சு நடக்கவில்லை. நடக்கவேண்டிய அவசியமும் இல்லை.

பெரிய துரை வந்தார். நரைத்த புருவமும் சிவந்த மூக்குமாக, எஞ்சினியரின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் பேச்சை நம் பேச்சாகவும் நம் பேச்சை அவர் பேச்சாகவும் மாற்ற ஒரு துபாஷி. எதிரே எஞ்சினியர், காண்டிராக்டர். மூலையில் கையில் விலங்கோடு காவலாளி. மீசை தொங்கிப் போயிருந்தது. வெளியே, சுவரோரம், வழக்கம்போலப் பங்காக்காரர். எஞ்சினியர் சாட்சி சொன்னார். நேர்த்தியாகச் சொன்னார். தையல்காரரின் சாவைச் சொல்லும்போது கைக்குட்டையை எடுத்துக் கண்ணைக்கூட ஒற்றிக்கொண்டார். காண்டிராக்டர் ஆமாம் போட்டார். துரை தலையாட்டி, பேனாவை மையில் தோய்த்தார்.

பங்கா நின்றது.

உள்ளிருந்து கயிற்றை இரண்டு தரம் சுண்டினார்கள். பங்கா நகரவில்லை. இன்னும் இரண்டு தரம். அறைக்குள் புழுக்கம் ஏறியது. எஞ்சினியர், "டேய், அந்தச் செவிடன் தூங்கிட்டான் போல, உதைச்சு எழுப்பு" என்று பியூனிடம் சொன்னார். பியூன் கதவைத் திறந்தபோது பங்காக்காரர் கதவருகிலேயே நின்றிருந்தார். உள்ளே வந்தார்.

"தூங்கலைங்க ஐயா" என்றார். "எனக்குக் காது கேக்கும்."

அறையில் முதலில் வாய் திறந்தது காவலாளி. "அடப்பாவி!" என்று அலறினான். "உனக்குக் காது கேக்குமா!" ஆயுசு பூராவும் ஜெயிலில் கிடக்கப்போகிறவனுக்கு அந்த நிமிஷத்தில் வந்த கவலையைப் பாருங்கள். இத்தனை காலம் போட்ட சலாம்கள் எல்லாம் ஒன்றாக அவன் முகத்தில் வந்து விழுந்திருக்கவேண்டும்.

எஞ்சினியருக்கு ஒரு கணம்தான் முகம் வெளுத்தது. உடனே சிரித்தார். "துரை அவர்கள் மன்னிக்கணும். இவன் சுத்தச் செவிடன். இந்த ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் புத்தியும் கோளாறு. வேணும்னா இப்பவே பரீட்சை பண்ணிப் பாக்கலாம்" என்றார்.

பியூன் இரும்புப் பெட்டி ஒன்றைத் தூக்கி, பங்காக்காரரின் முதுகுக்குப் பின்னால் போட்டான். துபாஷி துள்ளினார். துரையின் மைக்கூடு குலுங்கியது. பங்காக்காரர் அசையவில்லை. அசையவேண்டும் என்று அவர் மனசு தவித்தது. ஆனால் உடம்பு குவாரியில் கற்றது கற்றதுதான். கழுத்து திரும்பவில்லை, இமைகூட அடிக்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் எஞ்சினியர்.

துரை பேனாவை மறுபடி எடுத்தார். வாயிலைக் காட்டினார், போகலாம் என்று. ஊமை கண்ட கனவு கேள்விப்பட்டிருக்கிறோம். காது கேட்கிறவன் கேட்கிறது என்று சொல்லியும் நம்ப ஆளில்லாத கொடுமை அன்றுதான் நடந்தது. சிமெண்டுப் பேச்சைச் சொன்னால் பங்காக்காரர் இட்டுக்கட்டியது என்பார்கள். என்ன சொன்னால் நம்புவார்கள்? அவருக்கே தெரியாமல் அவர் வலது முழங்கால் மடங்கியது, நீண்டது. கூடவே வாய் திறந்தது.

துரைமார் பாஷை வந்தது.

எஞ்சினியரின் குரலில் வந்தது. அவர் இழுக்கிற இடத்தில் இழுத்து, கனைக்கிற இடத்தில் கனைத்து, நடுவே மூக்கால் ஒரு சிரிப்பும் சிரித்து, சிநேகிதருக்கு அன்று சொன்ன பதில் அச்சுப் பிசகாமல் வந்தது. சொல்லி முடித்துவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத முகத்தோடு துரையைப் பார்த்தார்.

அர்த்தத்தைத் துபாஷி பிற்பாடு கடைத்தெருவில் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். விசாரணைக்கு வருகிற கிழட்டுத் துரை நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுகிற கழுதை. நல்ல பிராந்தி இரண்டு புட்டி இறக்கினால் தன் மரண தண்டனையிலும் கையெழுத்துப் போடும். சிமெண்டு காண்டிராக்டர் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, காவலாளி ஜெயிலில் பத்திரமாக இருப்பான், பிறகென்ன பயம். இதுதான் எஞ்சினியர் சொன்னது. அந்தப் பாஷையில் தண்ணீர் என்றுகூடச் சொல்லத் தெரியாத ஒருவன் இதை இட்டுக்கட்டியிருக்கமுடியாது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் விளங்கியது.

துரையின் மூக்கிலிருந்த சிவப்பு முகம் முழுக்கப் பரவியது. எஞ்சினியர் எழுந்து நின்றார், உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். காண்டிராக்டரின் புது வீட்டுக்கு அப்போதே ஆள் போயிற்று. பின்கட்டில் இலாகா முத்திரையோடு பீப்பாய்கள் இருந்தன. உடைக்கக்கூட இல்லை, உரலுக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

பங்காக்காரரிடம் துபாஷி சொன்னார்: "நீ சொன்னதை எல்லாம் எழுதியாச்சு. கீழே பெருவிரல் ரேகை வைக்கணும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. காது கேக்கும்னு நீயே ஒத்துக்கறே. சர்க்காரை ஏமாத்தி வேலைக்குச் சேர்ந்ததா ஆகுது. ரேகை வெச்ச நிமிஷமே வேலை போச்சு. வெக்கலைன்னா இது செல்லாது, இவனும் வெளியே வரமாட்டான்."

பங்காக்காரர் வாசலைப் பார்த்தார். அங்கே கூட்டத்தோடு அவர் மனைவி நின்றிருந்தாள், கையில் காவலாளியின் குழந்தை.

"வைங்க" என்றாள். கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

வைத்தார்.

விலங்கைக் கழற்றினார்கள். இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இலாகா என்ற ஒன்று இருக்கிறதே. எஞ்சினியரை வேறு ஜில்லாவுக்கு மாற்றினார்கள். அது இதைவிடப் பெரிய ஜில்லா என்று சொல்ல எனக்கு வயிறு எரிகிறது. காண்டிராக்டருக்கு இனி வேலையே கிடையாது என்றார்கள். அவருடைய மைத்துனர் பெயரில் புதிய தொட்டி கட்டும் வேலை கிடைத்தது. காவலாளிக்கு அவன் வேலை திரும்ப வந்தது. மொத்த இலாகாவிலும் வேலை போனது ஒரே ஒருவருக்கு, காது கேட்ட குற்றத்துக்காக. அந்த மனிதர் அதைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பியதை யாரும் கேட்டதில்லை. மனைவி நாலு வீட்டில் துணி துவைத்தாள். அவர் கிடைத்த கூலிக்குப் போனார். நாமெல்லாம் நியாயம் பேசுகிறோம், நியாயத்துக்கு விலை கேட்டால் பையைத் தடவுகிறோம். அவர் தடவவில்லை. அதனால்தான் அவர் கதையைச் சொல்கிறேன்.

காவலாளி ஒருநாள் காலையில் அவர் வீட்டுக்கு வந்தான். குடிக்காமல் வந்திருந்தான். வாசலில் நின்று இரண்டு கையையும் கூப்பினான்.

"அண்ணே" என்றான்.

"கையை இறக்கு" என்றார் பங்காக்காரர். "என்னைக் கும்பிடாதே. பீப்பாய் போன அன்னைக்கே எனக்குத் தெரியும். அப்பவே வாயைத் திறந்திருந்தா அந்தத் தையக்காரர் இருந்திருப்பார். நான் அவங்க திருட்டுன்னு விட்டுட்டேன்."

காவலாளி கையை இறக்கினான். "கதவைத் திறந்துவிட்டவன் நான்தானே, அண்ணே" என்றான். "வண்டியிலே ஏத்தி விட்டதும் நான்தான். இது வீடு கட்டப் போகுது, தொட்டிக்குப் போகலைன்னு எனக்கும் தெரியும்."

பங்காக்காரர் உள்ளே போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். எங்கே என்று காவலாளி கேட்கவில்லை. இருவரும் கீழ்த்தெருவுக்கு நடந்தார்கள்.

தையல்காரரின் மனைவி, வீடு இருந்த இடத்தில் நாலு கழியில் ஒரு சாக்கைக் கட்டி அதன்கீழ் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துரு ஏறிய மெஷின். இவர்கள் முன்னால் போய் நின்றார்கள். பங்காக்காரர், தாம் கேட்டதையும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். காவலாளி கதவைத் திறந்ததைச் சொன்னான்.

"அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருந்திருக்கு" என்றாள்.

"தெரிஞ்சிருந்தது, அம்மா" என்றார் பங்காக்காரர்.

அவள் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். போங்கள் என்று சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இடிந்து கிடந்த மண்ணில் காலால் ஒரு கோடு கிழித்தாள்.

"சுவர் இங்கே இருந்தது" என்றாள். "இங்கேயே கட்டுங்க. இந்தத் தடவை ஒழுங்காக் கட்டுங்க."

பங்காக்காரர் மண்வெட்டியை அந்தக் கோட்டில் இறக்கினார். காவலாளி கல் பொறுக்கப் போனான்.